விபத்துக்குப் பிறகு மீண்டும் பைக் ஓட்டலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

விபத்து நடந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே இரண்டு தீர்ப்புகள் காதில் விழும். "இனிமே அந்த வண்டியைத் தொடவே கூடாது" என்று அம்மா சொல்வார். "பயம் உள்ளே இறங்குறதுக்குள்ள ஏறி ஓட்டிடு மச்சான், இல்லன்னா எப்பவுமே ஓட்ட மாட்ட" என்று நண்பர்கள் சொல்வார்கள். இரண்டும் அக்கறையில் வருபவைதான். ஆனால் எலும்பு ஒட்டியதா, விபத்து ஏன் நடந்தது, அதே சூழ்நிலை திரும்ப வந்தால் இந்த முறை நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை இரண்டு பேருமே கேட்பதில்லை. முடிவைத் தீர்மானிக்க வேண்டியது அந்தக் கடைசிக் கேள்விதான் என்பது என் உறுதியான எண்ணம். பயம் போய்விட்டதா இல்லையா என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறக்குறைய 44 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம். ஆகவே வேண்டாம் என்று முடிவெடுப்பவரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. அதே சமயம் கடைசி பஸ் எட்டு மணிக்கே போய்விடுகிற ஊரில் இருந்து மில்லுக்கு ஷிப்ட் போகிறவருக்கும், பால் ஊற்றுகிறவருக்கும், உணவு டெலிவரி செய்கிறவருக்கும் பைக் என்பது சம்பளம். அவர்களிடம் போய் "விட்டுடு" என்று சொல்வது சுலபம், வாடகையை அவர்கள்தான் கட்ட வேண்டும்.

முதல் படி: உடம்பு தயாரா?

முடிவை எடுக்க இப்போதே அவசரப்படாதீர்கள். உடம்பு சரியாகும்வரை "இப்போதைக்கு இல்லை" என்பதே போதுமான பதில்.

ராடு, பிளேட் வைத்தவர்கள் பலர் செய்யும் தவறு, வலி போனதும் எலும்பு சேர்ந்துவிட்டது என்று நினைப்பது. உலோகம் எலும்பைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். சேர்ந்ததா என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். காறை எலும்பு முறிவு சேர 6 முதல் 12 வாரம் ஆகலாம். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்புக்கு 4 முதல் 6 மாதம்கூட ஆகும். புத்தூர் கட்டு போட்டுக் குணமானவர்களும் வண்டி எடுப்பதற்கு முன் ஒரு முறை எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தால் நடக்கும்போது தெரியாமல், பிரேக்கை அழுத்தும்போது மட்டும் தெரியக்கூடும்.

டாக்டரிடம் "வண்டி ஓட்டலாமா சார்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். எந்தக் கை கிளட்சைப் பிடிக்கும், எந்தக் கால் கியர் போடும், வண்டி எவ்வளவு எடை என்று சொல்லிக் கேளுங்கள். ஸ்ப்ளெண்டர் மாதிரியான வண்டி சுமார் 110 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. சிக்னலில் வண்டி சாய்ந்தால் அந்த எடையை ஒரு கால் தாங்க வேண்டும். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, வண்டியை ஸ்டாண்டில் இருந்து இறக்கி இரண்டு பக்கமும் லேசாகச் சாய்த்து நிமிர்த்துங்கள். கிளட்சையும் முன் பிரேக்கையும் தொடர்ந்து பல முறை அழுத்தி விடுங்கள். கழுத்தைத் திருப்பி இரண்டு தோளுக்கும் பின்னால் பாருங்கள். இதில் எதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டியிருந்தால் இன்னும் நாள் இருக்கிறது.

தலையில் அடிபட்டவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். ஸ்கேன் நார்மல் என்று வந்த பிறகும் தலைசுற்றல், வெளிச்சம் கூசுவது, கவனம் சிதறுவது, தூக்கம் கெடுவது வாரக்கணக்கில் இருக்கலாம். இவை ஒன்று இருந்தாலும் வண்டி எடுக்கக் கூடாது. தலைவலி நாளுக்கு நாள் கூடினால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் பலவீனமானால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகக் கசிந்து சில வாரம் கழித்து வெளிப்படுவது உண்டு. வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். விபத்துக்குப் பிறகு ஒரு முறையாவது வலிப்பு வந்திருந்தால் நரம்பியல் டாக்டர் எழுத்தில் அனுமதிக்கும்வரை எந்த வாகனமும் வேண்டாம். லைசென்ஸுக்கான படிவம் 1-லேயே வலிப்பு, மயக்கம் பற்றிய கேள்வி இருக்கிறது, அதை மறைத்து எழுதாதீர்கள்.

மருந்துச் சீட்டையும் ஒரு தடவை பாருங்கள். டிரமடால், பிரிகாபலின், குளோனசிபம் போன்றவை தூக்கத்தையும் மந்தத்தையும் தருபவை. அவற்றைச் சாப்பிடும் நாட்களில் ஓட்டலாமா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இரண்டாம் படி: ஏன் நடந்தது என்று எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டில் உட்கார்ந்து எழுத வேண்டும். மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால், நமக்கு வசதியான இடத்தில் கதை நின்றுவிடும்.

நேரம், வெளிச்சம், மழையா வெயிலா. எந்தச் சாலை, எந்தப் பக்கம். வேகம் எவ்வளவு. முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். குடித்திருந்தீர்களா. போன் எங்கே இருந்தது. டயர் எப்படி இருந்தது. ஹெல்மெட்டின் பட்டை மாட்டியிருந்ததா. ஆபத்தை முதலில் எந்த இடத்தில் பார்த்தீர்கள், அப்போது கை என்ன செய்தது, கால் என்ன செய்தது.

நினைவில் ஓட்டை இருக்கும். அடிபட்ட நிமிடங்கள் பலருக்குத் திரும்பி வருவதே இல்லை. முதல் தகவல் அறிக்கையின் நகல், பக்கத்துக் கடையின் கேமரா, தூக்கிவிட்டவர்கள் சொன்னது, வண்டியில் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பது எல்லாம் இதில் உதவும்.

அடுத்து, சட்டப்படி யார் தப்பு என்பதையும், நான் என்ன செய்திருக்கலாம் என்பதையும் இரண்டு தனிப் பக்கங்களில் எழுதுங்கள். இதைக் கலந்துவிட்டால் எதுவும் விளங்காது. முதலாவது மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துக்கு உரியது. இரண்டாவது உங்களுக்கு மட்டும். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய அந்த வாகனம்தான் குறுக்கே வந்திருந்தது. ஆனால் அதே அறிக்கை, ஓட்டியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணத்தில் பின் பிரேக்கை மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்றும் சொல்கிறது. தப்பு அடுத்தவர் மேல் இருந்தும், கற்றுக்கொள்ள நமக்கு ஒன்று இருந்தது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. மாடோ ஆட்டோவோ குறுக்கே வந்ததைக் கண் பார்த்து, பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அந்த நேரத்தில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடுவார். நல்ல சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் இன்னும் 10 மீட்டரில் நிற்பார். மொத்தம் 27 மீட்டர். 60-இல் வருபவர் அந்த ஒன்றரை நொடியிலேயே 25 மீட்டர் ஓடிவிடுகிறார். முதலாமவர் முழுதாக நின்றுவிட்ட அதே 27-வது மீட்டரில் இவருடைய வேகம் இன்னும் 57. முன்னவர் தடையைத் தொடாமல் நின்ற இடத்தில், இவர் ஏறக்குறைய முழு வேகத்தில் மோதுகிறார். "கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன்" என்று நோட்டில் எழுதியிருந்தால் இந்தக் கணக்கைப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எழுதி முடித்ததும் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

உங்கள் பழக்கம்: வேகம், இடதுபுறம் முந்துவது, தூக்கமில்லாமல் ஓட்டுவது, போன். இவை மாற்றக்கூடியவை, ஆனால் மாற்றுவேன் என்று சொல்வது போதாது. "நைட் ஷிப்ட் முடித்த காலையில் வண்டி எடுக்க மாட்டேன், கம்பெனி பஸ்ஸில் வருவேன்" என்கிற அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும். குடிதான் காரணம் என்றால், முடிவெடுக்க வேண்டியது குடியைப் பற்றி. அதற்கு உதவி தேடிக்கொள்ளாமல் சாவியைக் கையில் எடுக்காதீர்கள்.

சாலை: லாரியில் இருந்து சிந்திய ஜல்லி, எம்-சாண்ட், ரோட்டில் காயப்போட்ட நெல், வெள்ளைக் கோடு அடிக்காத வேகத்தடை, பின் விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர். இவற்றில் பல இரவில் கண்ணுக்கே தெரியாது. இரவில் ஓட்டுவதைக் குறைத்தாலே ஆபத்து நன்றாகக் குறையும்.

வண்டி: தேய்ந்த டயர், பிடிக்காத பிரேக், தளர்ந்த செயின். சரிசெய்யக் கூடியவற்றிலேயே சுலபமானது இதுதான்.

நான்காவது வகைதான் கடினம். சரியான வேகத்தில், சரியான பக்கத்தில், ஹெல்மெட்டோடு வந்தீர்கள், பின்னால் இருந்து ஒரு கார் அடித்துவிட்டது. நீங்கள் மாற்ற எதுவுமே இல்லை. அப்படியென்றால் மறுபடி ஓட்டினாலும் அந்த ஆபத்து அதே அளவில் இருக்கும். அதை ஏற்றுக்கொண்டு ஓட்டுவதா, அந்தச் சாலையையாவது விடுவதா என்பதுதான் கேள்வி. இங்கே "வேண்டாம்" என்று சொல்வதற்கு முழு நியாயம் இருக்கிறது.

மூன்றாம் படி: பயத்தைப் பார்ப்பது

முதல் சில வாரம் ஹாரன் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப் போடுவது, கனவில் அந்தக் காட்சி வருவது, ஆட்டோவில் உட்கார்ந்தும் காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பது எல்லாம் இயல்பு. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறைந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் குறையாமல், தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். இதற்கென்றே நிரூபணமான பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

பயத்தில் இரண்டு விதம் உண்டு. லாரி பக்கத்தில் வரும்போது மட்டும் வருவது, மழையில் வளைவில் மட்டும் வருவது மாதிரியான குறிப்பிட்ட பயத்தோடு பழகலாம், அது எச்சரிக்கையாகவும் மாறும். வண்டியைப் பார்த்தாலே படபடப்பு, கை உறைந்துபோவது என்றால் அதோடு சாலைக்குப் போவது ஆபத்து. பயந்த கண் பயந்த பொருளையே பார்க்கும், பைக் கண் பார்க்கும் பக்கமே போகும்.

துளிக்கூடப் பயமே இல்லை என்பவர்களையும் நான் கவலையோடுதான் பார்ப்பேன். அதில் பாதிப் பேர் யாருக்கோ நிரூபிக்கப் பார்க்கிறார்கள்.

பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறந்துவிட்டாலோ, பெரிய காயம் அடைந்தாலோ நிலைமை வேறு. அது பயம் அல்ல, குற்ற உணர்ச்சி. வண்டி ஓட்டிப் பழகுவதால் அது போகாது, ஓட்டாமல் இருப்பதாலும் போகாது. தன்னைத் தண்டித்துக்கொள்ள வண்டியை விடுபவர்களும் உண்டு, உயிரைப் பற்றிக் கவலையில்லாமல் மறுபடி ஏறுபவர்களும் உண்டு. இரண்டாவது நிலையில் இருப்பவரை வீட்டில் இருப்பவர்கள் தனியே விடக் கூடாது. பைக் பற்றிய முடிவை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அந்தத் துக்கத்துக்கு ஆள் வேண்டும்.

நான்காம் படி: வீட்டில் பேசுவது

ஒளித்து ஓட்டாதீர்கள். அம்மாவுக்கோ மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் எடுத்தால், அவர்கள் போன் வரும்போதெல்லாம் உங்கள் கவனம் சாலையில் இருக்காது. இரண்டாம் படியில் எழுதிய நோட்டை அவர்களிடம் காட்டுங்கள். "பார்த்துப் போவேன்" என்ற வார்த்தை யாரையும் சமாதானப்படுத்தாது. எதை மாற்றப் போகிறீர்கள் என்ற பட்டியல் ஓரளவு சமாதானப்படுத்தும். வண்டிக்குத் திருஷ்டி சுற்ற வேண்டும், கோயிலில் பூஜை போட வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டால் செய்யுங்கள், அவர்கள் மனம் அமைதியாகும். அப்புறம் வண்டியை மெக்கானிக்கிடமும் கொண்டுபோங்கள்.

இன்னொரு முறை மூன்று மாதம் படுத்தால் வீடு எப்படி ஓடும் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். வண்டி இன்சூரன்ஸோடு வரும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஆஸ்பத்திரி பில்லுக்கும், வேலைக்குப் போகாத நாட்களுக்கும் அது உதவாது. அடுத்தவர் வாகனத்தால் அடிபட்டு இன்னும் இழப்பீடு கேட்காமல் இருந்தால், 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 6 மாதக் கெடு வைத்திருப்பதால் உடனே வக்கீலைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: வண்டியும் ஹெல்மெட்டும்

அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும், உள்ளே உள்ள தெர்மோகோல் நசுங்கியிருந்தால் அடுத்த அடியை வாங்காது. புதிதாக வாங்குங்கள், ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். ஹெல்மெட் இறப்பு ஆபத்தை சுமார் 42 சதவீதமும், தலைக்காய ஆபத்தை சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை சொல்கிறது. பட்டை மாட்டாத ஹெல்மெட் விழும்போது முதலில் கழன்று போகும்.

மெக்கானிக்கிடம் பெயிண்டையும் இண்டிகேட்டரையும் மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு வராதீர்கள். முன் ஃபோர்க் வளைந்திருக்கிறதா, சேஸ் திரும்பியிருக்கிறதா, கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்) தேய்ந்திருக்கிறதா, ரிம்மிலும் டிஸ்க்கிலும் பெண்டு இருக்கிறதா, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சேஸ் வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்தி ஓட்ட வேண்டாம். பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் உள்ள வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாகக் கோரலாம்.

வேறு வண்டி வாங்குவதாக இருந்தால் ஏபிஎஸ் உள்ளதை எடுங்கள். பதற்றத்தில் பிரேக்கை முழுதாக அழுத்தும்போது சக்கரம் பூட்டிச் சறுக்காமல் அது காப்பாற்றும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். கியர் போடும் கால் இன்னும் முழுதாகத் தேறவில்லை என்றால் ஸ்கூட்டர் ஒரு நல்ல இடைவழி.

ஆறாம் படி: படிப்படியாக ஒரு வெள்ளோட்டம்

இது முடிவுக்கு முன்னால் செய்யும் சோதனை. ஓட்டிப் பார்த்துவிட்டு "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் நிறுத்திய வண்டியில் உட்காருங்கள், எஞ்சினை ஓட விடுங்கள். படபடப்பு அடங்கும்வரை உட்கார்ந்திருங்கள். உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடினால் பயம் ஜெயித்ததாக உடம்பு கற்றுக்கொள்ளும். மிகவும் அதிகமாக இருந்தால் ஒரு படி கீழே வந்து, சுலபமான ஒன்றோடு அன்றைக்கு முடியுங்கள்.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், வீடு கட்டாத லேஅவுட் ரோடு அல்லது அனுமதி வாங்கிய பள்ளி மைதானம். ஆர்டிஓ டெஸ்டுக்குப் போட்ட எட்டை மறுபடி மெதுவாகப் போடுங்கள். அது வந்ததும் பிரேக். 20-இல், பிறகு 30-இல், பிறகு 40-இல். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல் படிப்படியாக அழுத்தி, ஹேண்டில் நேராக இருக்கும்போது நிறுத்துங்கள். கண் முன் சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில் இருக்கட்டும். யோசிக்காமல் கை இதைச் செய்யும்வரை வேறு எங்கும் போக வேண்டாம். நம்மில் பலர் லைசென்ஸ் வாங்கியும் இதைக் கற்றதே இல்லை, விபத்துக்குப் பிறகாவது கற்றுக்கொள்வது நல்லது.

அதன் பிறகு தெரிந்த தெரு, கூட்டமில்லாத நேரம், நம்பிக்கையான ஒருவர் இன்னொரு வண்டியில் பின்னால் வர. பிறகு சாதாரண போக்குவரத்து. மழை, இரவு, நான்கு வழிச் சாலை எல்லாம் கடைசியில். பின்னால் ஆளை ஏற்றுவது அதற்கும் கடைசியில், குழந்தைகளை எல்லோருக்கும் பிறகு. விபத்து நடந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போக வேண்டியிருந்தால் முதலில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், பிறகு வேறொருவர் பின்னால் உட்கார்ந்து.

ஏழாம் படி: முடிவு

இப்போது நோட்டின் இரண்டாம் பக்கத்தை எடுத்துப் படியுங்கள். காரணம் என்ன என்று சொல்ல முடிகிறதா? மாற்றியது என்ன என்று சொல்ல முடிகிறதா? மைதானத்தில் கை அதைச் செய்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஓட்டலாம். காரணத்தையே இன்னும் சொல்ல முடியவில்லை என்றால், பயம் முழுதும் போயிருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம்.

முழு ஆம், முழு இல்லை என்றுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. பகலில் மட்டும், ஊருக்குள் மட்டும், தனியாக மட்டும் என்று எல்லை போட்டு ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். எல்லையை எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். எந்த நிலைமை வந்தால் நிறுத்திவிடுவீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். நூலிழையில் தப்பிய சம்பவங்கள் அடிக்கடி வருவது அதில் ஒன்று.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் மாற்று வழியை முதல் மாதத்திலேயே கட்டி முடியுங்கள், இல்லையென்றால் ஒரு அவசர நாளில் தம்பியின் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். டவுன் பஸ் நேரம், ஷேர் ஆட்டோ, வேலை நேரத்தை மாற்றிக் கேட்பது, பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு பார்ப்பது என எல்லாவற்றுக்கும் விலை உண்டு, அதைக் குடும்பத்தோடு கணக்குப் போட வேண்டும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணம் இல்லை, அது இந்தக் கணக்கில் பெரிய உதவி.

வண்டியை விற்பதானால் படிவம் 29, 30 கொடுத்து ஆர்சியில் பெயர் மாறியதை உறுதி செய்யுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டால் முடியாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. வாங்கியவர் நாளைக்கு எங்கேயாவது மோதினால் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும்.